பெரஹரா பார்க்கப் போகிறோம், இன்ஷா அல்லாஹ்

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றைப் போட்டுக்கொண்டு வாசியுங்கள்.

இம்முறை விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கண்டி எசல பெரஹரா பார்க்கக் கூட்டிப் போவதென்று வீட்டில் முடிவெடுத்திருக்கிறோம். இந்த ஒரு வசனத்தை எழுதுவதற்கு முன் மூன்று வாரம் பேச வேண்டியிருந்தது. நுவரெலியாவுக்குப் போகிறோம் என்று சொல்லியிருந்தால் ஒருவரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். சுவெட்டரை மறக்காதீங்க என்பார்கள், அவ்வளவுதான். பெரஹரா என்றதும் குடும்ப வட்ஸ்அப் குழு, ஆசிரியர் அறை, பள்ளிவாசல் முற்றம் என்று எல்லா இடத்திலும் ஆளுக்கொரு கருத்து. எல்லோரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். அதனால்தான் தனித்தனியாகப் பதில் சொல்லாமல் இங்கே ஒன்றாக எழுதுகிறோம்.

ஆரம்பித்து வைத்தவர் இரண்டாம் தரத்தில் படிக்கும் மகன்தான். சுற்றாடல் பாடத்துக்கு யானைப் படம் ஒட்டப் பழைய பத்திரிகையைப் புரட்டியபோது, விளக்குப் பூட்டிய சிவப்புப் போர்வையோடு நிற்கும் யானை அகப்பட்டது. "வாப்பா, இந்த யானைக்கு ஏன் உடுப்புப் போட்டிருக்கு?" என்ற கேள்வியில் தொடங்கியது கதை. ஏழாம் தரத்தில் படிக்கும் மகள் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கிறாள். எழுத்தெல்லாம் தெரியும், புள்ளியும் நன்றாக வரும். ஆனால் சம்மாந்துறையில் இருந்துகொண்டு ஒரு சிங்களப் பிள்ளையோடு ஐந்து நிமிடம் பேசியிருக்கிறாளா என்றால் இல்லை. அம்பாறை நகரம் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம்தான். இரண்டு பேருமே ஆசிரியர்களாக இருந்தும் எங்கள் பிள்ளைக்கு அந்த அரை மணித்தியாலம் தூரமாகவே இருக்கிறது. இது எங்கள் பிள்ளைக்கு மட்டும் உள்ள கதையல்ல என்பது உங்களுக்கும் தெரியும்.

முதலில் மார்க்கம் பற்றிய கேள்வி. அதைத் தாண்டாமல் வேறெதையும் பேச முடியாது.

நாங்கள் ஆலிம்கள் அல்ல, தீர்ப்புச் சொல்லும் தகுதி எங்களுக்கில்லை. கேட்க வேண்டியவர்களிடம் கேட்டோம். இன்னொரு மதத்தின் வணக்கத்தில் பங்கெடுப்பது கூடாது என்பதில் யாருக்கும் இரண்டாம் கருத்தில்லை. பூத்தட்டு ஏந்துவது, கைகூப்புவது எல்லாம் எங்கள் எண்ணத்திலேயே இல்லை. தெருவோரம் இருந்து பார்ப்பதில்தான் கருத்து வேறுபட்டது. அதுவும் வேண்டாம் என்றார் ஒரு ஹஸ்ரத். நிய்யத்தைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள், நாட்டின் கலையையும் மனிதர்களையும் பார்க்கப் போகிறீர்கள் என்றார் இன்னொருவர். நாங்கள் இரண்டாமவர் சொன்னதை எடுத்துக்கொண்டோம். முதலாமவரை மதிக்கிறோம், அவர் பின்னால் தொடர்ந்தும் தொழுவோம். மூத்தம்மாதான் இந்தப் பேச்சைச் சுருக்கமாக முடித்து வைத்தார். "யானையப் பாக்கத்தானே போறம் மனே, கும்புடவா போறம்?"

மூத்தம்மா ஏற்கெனவே போயிருக்கிறார் என்பது எங்களுக்கே இந்த மூன்று வாரத்தில்தான் தெரிந்தது. அவருடைய வாப்பா லொறியில் நெல்லும் கருவாடும் ஏற்றிக் கண்டிக்குப் போய் வருபவர். ஒரு வருடம் குடும்பத்தையே லொறியில் ஏற்றிக்கொண்டு போய், தெரிந்த கடைக்காரரின் மேல்மாடியில் பாய் விரித்துப் படுக்க வைத்துப் பெரஹரா காட்டியிருக்கிறார். "பெரிய யானைக்குப் பேரு ராஜா" என்று இன்றைக்கும் சரியாகச் சொல்கிறார். அந்த ராஜா 1988இல் இறந்தது. அதன் உடலைப் பாடம் செய்து மாளிகை வளவிலேயே வைத்திருக்கிறார்கள். அதன்பின் பல ஆண்டுகள் பேழையைச் சுமந்த நெதுங்கமுவ ராஜாவும் 2022 மார்ச்சில் இறந்துவிட்டது. இதை மூத்தம்மாவிடம் சொன்னதும் வீட்டில் யாரோ போய்விட்டதுபோல் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார்.

அவர் காலத்தில் ஊரிலிருந்து பெரஹராவுக்குப் போவது பெரிய விடயமாக இருக்கவில்லையாம். யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம். மார்க்கம் அன்றைக்கும் இருந்தது, மூத்தம்மாவுக்கு ஐந்து நேரத் தொழுகையும் அன்றைக்கே இருந்தது. ஆகவே எங்களைத் தயங்க வைத்தது மார்க்கம் மட்டும்தானா, வேறு ஏதாவதா என்று கேட்டுப் பார்த்தோம்.

வேறு ஏதோ என்ன என்பதை ராத்தா நேராகவே சொன்னார். "அந்தச் சனத்துக்குள்ள நாம போய் இருந்து, நம்மட பை ஒண்டு கைதவறி விழுந்தாலும் எல்லாரும் நம்மளத்தான் திரும்பிப் பாப்பாங்க. புள்ளைகள் அதைப் பாக்கணுமா?"

இதற்கு உடனே பதில் சொல்ல எங்களுக்கு வரவில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு அந்தப் பார்வையை நாங்கள் எல்லோரும் எங்காவது ஒரு பஸ்ஸில், ஒரு கடை வாசலில், ஒரு ஆஸ்பத்திரி வரிசையில் சந்தித்திருக்கிறோம். சோதனை என்றால் அது எல்லோருக்கும் பொதுவானது. 1998 ஜனவரியில் மாளிகை வாசலில் புலிகளின் குண்டு வெடித்ததிலிருந்து அங்கே யார் போனாலும் பையைத் திறந்துதான் காட்ட வேண்டும். அது நியாயம். ராத்தா சொன்னது அதையல்ல. சோதனை முடிந்து உள்ளே போனபின்பும் முடியாத பார்வையைச் சொன்னார்.

ஊர்வலம் என்ற விடயத்திலேயே நமக்கொரு பழைய வடுவும் இருக்கிறது. கம்பளையில் ஒரு தேவாலயப் பெரஹரா பள்ளிவாசலைக் கடந்து மேளம் அடித்துப் போகலாமா என்பதில் தொடங்கிய வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனது. 1915 மே மாத இறுதியில் வெசாக் ஊர்வலம் ஒன்று கண்டியில் பள்ளிவாசலைக் கடந்தபோது மூண்ட கலவரம் நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியது. வரலாற்றுப் பாடத்தில் நாங்கள் இதைக் கடந்துதான் போகிறோம். ஆனால் அதே வரலாற்றில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைப் படிப்பிக்கும்போது நமது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறோம். போர்த்துக்கீசர் முஸ்லிம்களைத் தங்கள் பிரதேசத்திலிருந்து துரத்தியபோது, 1626 அளவில் கண்டி மன்னன் செனரத் சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். கண்டி இராச்சியத்தில் மாட்டுத் தவளம் நடத்திப் பொருட்களை ஏற்றி இறக்கும் 'மடிகே' பகுதியில் முஸ்லிம்கள் இருந்தார்கள். மன்னனின் வைத்தியர்களிலும் முஸ்லிம்கள் இருந்தார்கள். லோர்னா தேவராஜா 1994இல் எழுதிய நூலில் இதையெல்லாம் விரிவாகச் சொல்கிறார். உப்பும் கருவாடும் சுமந்து கிழக்கிலிருந்து மலை ஏறியவர்கள் கண்டித் தெருவுக்கு அந்நியர்கள் இல்லை. மூத்தம்மாவின் வாப்பா லொறியில் செய்ததும் கிட்டத்தட்ட அதே வேலைதான்.

இனி வழி. எங்கள் வீட்டுச் சண்டையில் பாதி இதைப் பற்றித்தான்.

சம்மாந்துறையிலிருந்து கண்டிக்கு நேரான பாதை அம்பாறை, உகன, மகா ஓயா, பதியத்தலாவ, மகியங்கனை, ஹசலக, பதினெட்டு வளைவு, தெல்தெனிய, திகன, கண்டி. மற்றது மட்டக்களப்புப் பக்கமாகப் போய் பொலன்னறுவை, தம்புள்ளை, மாத்தளை, அக்குறணை வழியாக ஒரு பெரிய சுற்று. மச்சான் சுற்றிப் போகச் சொன்னார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்துக்குள் மலட்டு மாத்திரை போட்டார்கள் என்ற பொய்யில் தொடங்கிப் பள்ளிவாசல் வரை போனது. சில நாட்களில் தெல்தெனிய. அங்கே சில முஸ்லிம் இளைஞர்கள் தாக்கியதில் ஒரு சிங்கள லொறிச் சாரதி ஆஸ்பத்திரியில் இறந்தார். அந்தத் தாக்குதலுக்கு நியாயம் சொல்ல எங்களால் முடியாது, சொல்லவும் மாட்டோம். அதற்குப் பழிவாங்க வந்தவர்கள் திகனையில் வீடுகளையும் கடைகளையும் பள்ளிகளையும் எரித்தார்கள். எரிந்த வீட்டுக்குள் நம் பிள்ளை ஒருவர் இறந்தார். மார்ச் 6ஆம் திகதி அவசரகாலநிலை, அடுத்த நாள் பேஸ்புக் முடக்கம். இரண்டு வருடம் கழித்து பேஸ்புக் நிறுவனம் தன் தளம் அதற்குப் பயன்பட்டதற்கு வருத்தம் தெரிவித்தது. அதே தளத்தில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் நேரான பாதையில் இந்த ஊர்களெல்லாம் வரிசையாக வருகின்றன.

மகள் பயணத்துக்கு ஒரு வரைபடம் கீறினாள். ஆசிரியர் வீட்டுப் பிள்ளை, சும்மா இருக்குமா? ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்தில் அந்த ஊரின் விசேஷத்தை எழுத வேண்டுமாம். மகா ஓயாவில் வெந்நீர் ஊற்று. மகியங்கனையில் ரஜமகா விகாரை. பதினெட்டு வளைவு என்று பெயர் இருந்தாலும் பாதையைத் திருத்தியபின் இப்போது பதினேழுதான் என்பதை அடைப்புக்குறிக்குள் எழுதினாள். தெல்தெனியவுக்கு, பழைய நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கியது என்று எழுதச் சொன்னோம். தம்பிக்காகப் பல்லேகலை கிரிக்கெட் மைதானத்தையும் சேர்த்தாள். திகனைக்கு வந்ததும் பென்சிலை வைத்துவிட்டு "இங்க என்ன?" என்று கேட்டாள்.

வீட்டில் ஒருவர் "விக்டோரியா அணையில இருந்த சனத்தக் கொண்டுவந்து இருத்தின ஊர் எண்டு எழுது" என்றார். அதுவும் உண்மைதான். மகள் எழுதினாள். எழுதிவிட்டு, "அது மட்டுமா?" என்றாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எங்கள் முகம் வாசிக்கத் தெரியும்.

அன்றிரவு சொன்னோம். இறந்த சாரதியையும் சொன்னோம், எரிந்த வீட்டையும் சொன்னோம். இரண்டில் ஒன்றை மட்டும் சொல்வதில்லை என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். வகுப்பறையில் பதினைந்து வருடமாக நின்றவர்களுக்கும் அது லேசாக இருக்கவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "அந்த ஊர்ல இப்பவும் நம்மட ஆக்கள் இரிக்காங்களா?"

இருக்கிறார்கள். கல்வியியற் கல்லூரியில் எங்களோடு படித்த மடவளை நண்பர் ஒருவர் அந்தப் பக்கம் ஒரு பாடசாலையில்தான் படிப்பிக்கிறார். அட்டாளைச்சேனையில் மூன்று வருடம் ஒரே விடுதி, ஒரே சாம்பார். அவருக்கு அழைப்பெடுத்து எந்தப் பாதை நல்லது என்று கேட்டோம். சிரித்துவிட்டு, "நான் தினமும் வேலைக்குப் போற ரோட்டப் பத்தி நீங்க என்னட்டக் கேக்கிறீங்க" என்றார். பிறகு அந்த நாட்களைப் பற்றி அவராகவே சொன்னார். வீட்டு உறுதியையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் பக்கத்து வீட்டுச் சிங்கள ஆசிரியை ஒரு வாரம் தன் அலுமாரிக்குள் வைத்திருந்தாராம். மற்றப் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைக்கூடத் திறக்கவில்லையாம். இரண்டு பேரும் இப்போதும் அங்கேயே இருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் பெருநாளைக்கு வட்டிலப்பம் போகிறது. "அந்தாளுக்கும் பயம்தான் மச்சான்" என்றார்.

நேரான பாதையில் போகிறோம். தூரம் மட்டும் காரணமல்ல. சுற்றிப் போனால் மகளின் வரைபடத்தில் சில ஊர்களை அழிக்க வேண்டிவரும், ஏன் என்று அவளுக்குச் சொல்லவும் வேண்டிவரும். வளைவுக்குத் தேசிக்காயும் இஞ்சியும் எடுத்தாயிற்று.

எந்த இரவு போவது என்பதை முடிவு செய்ய நண்பர் நிறைய உதவினார். போக நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறோம். முதலில் ஐந்து இரவு கும்பல் பெரஹரா, அடுத்த ஐந்து இரவு ரந்தோலி பெரஹரா. நிக்கினி போயா இரவில் கடைசி ரந்தோலி. அதற்குப் பிறகு கெட்டம்பேயில் மகாவலியில் நீர்வெட்டு, பின்னேரம் பகல் பெரஹராவோடு முடிகிறது. ரந்தோலி இரவுகளில் யானைகள் அதிகம், பல்லக்குகளும் வரும், சனமும் அதற்கேற்பக் கூடும். கடைசி ரந்தோலிக்கு நல்ல இடம் பிடிக்கக் காலையிலேயே பாய் விரிக்கிறார்கள். முழங்கால் வலியுள்ள மூத்தம்மாவையும் ஏழு வயதுப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு அது சரிவராது. ஒருமுறை இருந்துவிட்டால் எழும்பி மலசலகூடம் போய் வருவதே பெரிய பயணம், திரும்பி வந்தால் இடம் இருக்காது. நாங்கள் நாலாம் கும்பல் இரவைத் தெரிந்தோம். யானை குறைவு, ஆனால் முன்வரிசை கிடைக்கலாம். பல்லக்கு இல்லையே என்று மகனுக்குக் கவலை. யானை இருக்கிறதே என்றதும் ஆறிவிட்டான்.

கதிரை வாடகைக்கு விடுகிறார்கள், கடை மேல்மாடிகளிலும் இடம் கொடுக்கிறார்கள். விலை இரவுக்கிரவு ஏறுகிறதாம். வேன் வாடகையோடு இரண்டு ஆசிரியர் சம்பளம் அதைத் தாங்காது. மூத்தம்மாவுக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், மற்ற எல்லோருக்கும் வீட்டுப் பன்பாய். பின்னேரம் பாதைகளை மூடிவிடுவார்கள் என்பதால் வேனை மடவளையிலேயே விட்டுவிட்டு மதியத்துக்கு முன் பஸ்ஸில் நகரத்துக்குள் போகச் சொன்னார் நண்பர். கண்டி மழையை நம்பக்கூடாது, குடை விரித்தால் பின்னால் இருப்பவர் சண்டைக்கு வருவார், ஆகவே மழைக்கோட்டு. பகல் சோறு பொதி கட்டிக்கொண்டு போகிறோம். நகரத்துக்குள் நம் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கின்றன, அதில் பயமில்லை.

தொழுகை. பிரயாணச் சலுகை இருக்கிறது. லுஹரோடு அஸரைச் சேர்த்துச் சுருக்கி நகரத்துப் பள்ளி ஒன்றில் தொழுதுவிட்டுத்தான் இடம் பிடிக்கப் போவோம். மஃரிபை இஷாவோடு சேர்த்துப் பிற்படுத்துவதாக எண்ணம். கட்டுக்கலைப் பள்ளி, மீரா மக்காம், லைன் பள்ளி என்று நகரத்தைச் சுற்றிப் பள்ளிகளுக்குக் குறைவில்லை. 2025 ஏப்ரலில் பதினாறு வருடத்துக்குப் பிறகு தலதா வந்தனாவ நடந்தபோது நாட்கணக்காக வரிசையில் நின்ற யாத்திரிகர்களுக்குக் கண்டிப் பள்ளிவாசல்கள் கதவைத் திறந்து, படுக்க இடமும் சாப்பாடும் கொடுத்தன. அந்தப் படங்களைப் பார்த்துப் பெருமையாகப் பகிர்ந்தவர்களில் நாங்களும் இருந்தோம். நம் பள்ளிக்குள் அவர்கள் வந்து படுத்ததை இத்தனை பெருமையாகச் சொல்லும் நாம், அவர்கள் தெருவோரத்தில் ஒரு பாய் விரிப்பதற்கு மூன்று வாரம் யோசிக்கிறோமே என்று எங்களுக்கே தோன்றியது.

உடுப்புப் பற்றியும் ஆலோசனை வந்தது. ஆசிரியர் அறையில் ஒரு சகோதரி, "சாரியில போங்க, முந்தானையத் தலையில போட்டாக் காணும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது" என்றார். மூத்தம்மா எப்போதும் போவது அப்படித்தான், அவர் அப்படியே வருவார். எங்களில் அபாயா போடுபவர் அபாயாவோடுதான் போவார். வித்தியாசம் தெரியாமல் போய்வருவதென்றால் வீட்டில் இருந்து டீவியில் பார்க்கலாமே. நேரடியாகத்தான் காட்டுகிறார்கள்.

பிள்ளைகளுக்கு இப்போது இரவில் பெரஹரா வகுப்பு நடக்கிறது. யார் முன்னால், யார் பின்னால் என்று மனப்பாடமாகிவிட்டது. முதலில் சாட்டை அடிப்பவர்கள். சத்தம் துப்பாக்கி மாதிரி இருக்கும், பயப்படக்கூடாது என்று மகனை இப்போதே பழக்குகிறோம். பிறகு தீப்பந்தம் சுழற்றுபவர்கள், கொடிகள், மாளிகையின் காணிப் பதிவேடான லேகம் மிட்டியவைச் சுமந்து யானையில் வரும் பெரமுன ரால, மேளங்கள், வெஸ் நடனக்காரர்கள். பேழை வைத்த கொம்பன் யானை நடக்கும் இடமெல்லாம் வெள்ளைத் துணி விரிப்பார்கள். உண்மையான தந்தத்தாது வெளியே வருவதில்லை, பேழை மட்டும்தான். முன்பு நான்கு தேவாலயங்களின் பெரஹராதான் இருந்தது, கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில்தான் தலதா முன்னுக்கு வந்தது. அந்த மன்னனின் பரம்பரை தென்னிந்திய நாயக்கர் என்றதும் மகளுக்கு ஆச்சரியம்.

நாத, விஷ்ணு, கதிர்காம தேவாலயங்களின் வரிசைக்குப் பிறகு கடைசியாக வருவது பத்தினி தேவாலயம். "பத்தினி எண்டா யாரு?" என்று மகள் கேட்டபோது, காரைதீவில் அவள் பார்த்திருக்கும் கண்ணகி அம்மன் கோயிலைச் சொன்னோம். அதே கண்ணகிதான் சிங்களவர்களுக்குப் பத்தினி. "எங்கட பக்கத்து ஊர் அம்மன் கண்டில போறாவா!" என்று சிரித்தாள். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்குக் கொடி ஊர்வலமாகப் போகும்போது தமிழ்ச் சனமும் வந்து நிற்பது அவளுக்குத் தெரியும். அதுவும் கூடாது என்பவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். அந்த விவாதத்தை இன்னொரு நாளைக்கு வைப்போம்.

யானைக்குச் சங்கிலி போடுவது பற்றி மகள் கேட்டதற்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை. பார்ப்பதற்கு அழகு, யானைக்கு அது சுகமில்லை என்று உள்ளதைச் சொன்னோம். பார்த்துவிட்டு அவளே எழுதட்டும்.

ஒன்றை மட்டும் பேசிப் பேசியே தீர்த்தோம். பேழை சுமந்த யானை கடக்கும்போது தெருவே எழும்பி நின்று கைகூப்பி "சாது, சாது" என்னும். அப்போது நாங்கள் என்ன செய்வது? இருந்த இடத்திலேயே இருந்தால் அவமரியாதை என்று எடுப்பார்கள். கைகூப்ப எங்களால் முடியாது. ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போய், அந்த வீட்டார் எழும்பும்போது நாமும் எழும்புவதுபோல் எழும்பி நிற்போம், கை பக்கத்தில் இருக்கும் என்று முடிவு செய்தோம். அதுவும் பிழை என்று சொல்வோர் சொல்லலாம். மகளுக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறோம். பாய்க்குப் பக்கத்தில் இருக்கும் குடும்பத்தோடு அவள்தான் சிங்களத்தில் பேசவேண்டும். பெயர், ஊர், எத்தனையாம் தரம். ஒரு கொப்பியில் பத்து வசனம் எழுதிப் பாடமாக்கிக்கொண்டிருக்கிறாள். ஐந்தாவது வசனம், "இந்தக் கச்சான் எடுங்கள்" என்பது. கச்சான் இரண்டு கிலோ வறுத்து வைக்கவேண்டும் போலிருக்கிறது.

ராத்தா இன்னும் முடிவு சொல்லவில்லை. நேற்று அழைத்து, எத்தனை மணிக்கு வெளிக்கிடுகிறோம் என்று மட்டும் கேட்டார். சுபஹ் தொழுத கையோடு என்றோம். "வேன்ல இடம் இரிக்கா?" என்றார். இருக்கிறது என்றோம். "சும்மாதான் கேட்டன்" என்று வைத்துவிட்டார்.

அண்மையில் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால், ஒரு உதவி. யட்டிநுவர வீதி, டீ. எஸ். சேனநாயக்க வீதி, ராஜ வீதி இவற்றில் எந்தப் பக்கம் வயதானவர்களை வைத்துக்கொண்டு இருக்க வசதி, பக்கத்தில் பெண்கள் போகக்கூடிய மலசலகூடம் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். மூத்தம்மா நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர், அதுதான் இப்போது எங்களுக்குள்ள பெரிய கவலை.